பேரைச் சொல்லிச் சிரிக்கலாமா?

அன்புள்ள தம்பிக்கு,

ராசிபுரம் பக்கத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கைக்கு வந்தது. மாரியம்மன் நோம்பிக்கு உங்கள் ஊரில் கூத்து விட்டார்கள். நடுச்சாமத்துக்கு மேல் கோமாளி உங்கள் பெரியப்பாவின் பெயரைப் பிடித்துக்கொண்டார். பெயரில் இருக்கிற தருமம் கைக்கு வரக்காணோமே என்று இழுத்து இழுத்துப் பாடினார். ஊரே சிரித்தது, விடிந்ததும் அது பஞ்சாயத்தாகிவிட்டது. அடுத்த வருசம் முதல் யார் பெயரையும் சொல்லக் கூடாதென்று கூத்து வாத்தியாரிடம் எழுதி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படி ஆள் பெயரை மேடையில் இழுக்கிற வழக்கம் வேறு தேசங்களில் உண்டா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி.

எழுதி வாங்க வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்காக உங்கள் பெரியப்பாவின் மனவருத்தத்தை நான் லேசாக நினைக்கவில்லை. பெயரைத் தொட்டால் யாருக்கும் சுருக்கென்று தைக்கும். அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

சுமார் 2,400 வருசங்களுக்கு முன்னால் கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரத்தில் தியோனிசஸ் சாமிக்கு நோம்பி எடுப்பார்கள். நோம்பியின் முக்கியமான பகுதி நாடகப் போட்டி. அதில் நகைச்சுவை நாடகம் எழுதியவர்களில் பெரியவர் அரிஸ்டோபனிஸ். அவருடைய 11 நாடகங்கள் இன்று முழுசாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஊரில் உயிரோடு நடமாடிய ஆட்களின் பெயர்கள் பக்கத்துக்குப் பக்கம் வரும். பெயர் சொல்லப்பட்டவர்களில் பலர் அதே கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அன்றைக்கு ஏதென்ஸில் கிளியோன் என்ற தலைவர் வைத்ததுதான் சட்டம். கி.மு. 426இல் அரிஸ்டோபனிஸ் போட்ட ஒரு நாடகத்துக்காக அவரை ஆட்சி மன்றத்துக்கு இழுத்தார் கிளியோன். இரண்டு வருசம் கழித்து ‘குதிரை வீரர்கள்’ நாடகத்தில் பதில் வந்தது. அதில் கிளியோன் ஓர் அடிமையாக வருகிறார். எஜமானின் பெயர் தேமோஸ், அதாவது பொதுமக்கள். அடிமையின் பெயர் பாப்லகோன். பாப்லகோனியா என்பது கருங்கடல் ஓரத்து நாடு, அங்கிருந்து அடிமைகளை வாங்கி வருவார்கள். உலை கொதித்துப் பொங்குவதைச் சொல்லும் கிரேக்க வினையும் ஏறக்குறைய அதே ஒலிதான். எந்நேரமும் சபையில் கத்திக்கொண்டிருந்த தலைவருக்கு அடிமைப் பெயரும் கொதிக்கிற சத்தமும் ஒரே சொல்லில் அமைந்துவிட்டன. அவர் முகத்தை முகமூடியாகச் செய்துதர ஒரு கைவினைஞரும் துணியவில்லை என்று நாடகத்திலேயே ஒரு வசனம் வருகிறது. அந்த வருசப் போட்டியில் அதற்குத்தான் முதல் பரிசு.

கி.மு. 422இல் வந்த ‘குளவிகள்’ நாடகத்தில் அப்பா பெயர் பிலோகிளியோன், மகன் பெயர் ப்டெலிகிளியோன். கிளியோன்மேல் உயிரை வைத்தவர் அப்பா, கிளியோன் என்றாலே குமட்டுகிறவர் மகன். இரண்டு பெயரைக் கேட்டதுமே அந்த வீட்டுச் சண்டை முழுவதும் புரிந்துவிடும். அதே நாடகத்தில் இன்னொரு இடம் நம் ஆட்களுக்கென்றே எழுதியது போலிருக்கும். அல்கிபியாடிஸ் என்ற பெரிய வீட்டுப் பிள்ளைக்கு ரகரம் வராது, லகரமாகத்தான் வரும். தலைவர்களுக்குப் பின்னாலேயே திரியும் தியோரோஸ் என்பவரைக் காட்டி, அவருக்குக் காக்கைத் தலை என்று சொல்ல வாயெடுக்கிறார். காக்கைக்குக் கிரேக்கத்தில் ‘கோரக்ஸ்’. இவர் வாயில் அது ‘கோலக்ஸ்’ என்று விழுகிறது. கோலக்ஸ் என்றால் முகஸ்துதி பண்ணிப் பிழைப்பவன். நமக்கோ மழலை நாக்குகூடத் தேவையில்லை. காக்காய் பிடிப்பது என்றாலே போதும், இரண்டு அர்த்தமும் கைகோத்து வந்துவிடும்.

‘மேகங்கள்’ நாடகத்தின் தொடக்கத்தில் வரும் பெயர்ச் சண்டையை உங்களுக்கு விரிவாகச் சொல்ல ஆசை. ஸ்ட்ரெப்சியாடிஸ் என்று ஒரு குடியானவர். திருகுவதைச் சொல்லும் வினையிலிருந்து பிறந்த பெயர் அது. கடன்காரர்களை வார்த்தையைத் திருகி ஏமாற்றப் பார்ப்பவருக்குப் பொருத்தமான பெயர்தான். அவர் பட்டணத்துப் பெரிய வீட்டில் பெண் எடுத்துவிட்டார். பையன் பிறந்ததும் பெயர் வைப்பதில் தகராறு. பெயரில் ‘ஹிப்போஸ்’ இருக்க வேண்டும் என்கிறாள் மனைவி. ஹிப்போஸ் என்றால் குதிரை. குதிரை வளர்க்கிற வசதி யாருக்கு உண்டோ அவர்கள் வீட்டில்தான் அந்தப் பெயர் வரும். எங்கப்பன் பெயர் பைடோனிடிஸ், அதைத்தான் வைக்க வேண்டும் என்கிறார் இவர். அது சிக்கனத்தைச் சொல்லும் பெயர். கடைசியில் இரண்டையும் ஒட்டிப் பைடிப்பிடிஸ் என்று வைக்கிறார்கள். சிக்கனமும் குதிரையும் ஒரே பெயரில்! பையன் பெயரில் பாதியை மறந்துவிட்டுக் குதிரைப் பாதியைப் பிடித்துக்கொண்டு அப்பனைக் கடனில் தள்ளுகிறான்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் திருச்செங்கோட்டுப் பக்கத்து வீடுகள்தான் கண்ணில் வரும். தாத்தா பெயரைத் தாங்குவதால்தான் அவன் பேரன். மலைமேல் இருக்கிற அம்மையப்பன் பெயரால் வீட்டுக்கு ஓர் அர்த்தநாரி, செங்கோடன் இருந்தார்கள். சேலத்தில் கோட்டை மாரியம்மன் பெயரால் மாரியப்பனும் மாரியம்மாளும், நாமக்கல்லில் நரசிம்மனும் நாமகிரியும் இருந்தார்கள். இப்போது பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கலாம் என்றால் மருமகள் வீட்டார் எண்கணிதக்காரரிடம் வாங்கிய சீட்டைக் காட்டுகிறார்கள். சமாதானமாகத் தாத்தா பெயரின் முதல் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு புதுப் பெயர் ஒன்று பிறக்கிறது. லாரி பாடி கட்டும் பட்டறையில் வண்டி நெற்றியில் அந்தப் பெயரைத்தான் முதலில் எழுதச் சொல்கிறார்கள்.

இனி உங்கள் ஊர்க் கோமாளிக்கு வருகிறேன்.

திரைக்கு ஒரு துணியை ஆளுக்கொரு முனையாக இரண்டு பேர் பிடித்திருப்பார்கள். அதன் கீழே வேசக்காரரின் சலங்கைக் கால் மட்டும் தெரியும். புஜக்கட்டையும் கிரீடமும் திரைக்கு மேலே அசையும். ஆர்மோனியமும் மிருதங்கமும் ஏறி நிற்கும். அப்போது கோமாளி கேட்பார், “ஏனுங்க, தாங்கள் யாருங்க? எந்த நாடு, பேரு என்னங்க?” ஒவ்வொரு வேசத்துக்கும் இந்தக் கேள்வி உண்டு. “வணங்காமுடி மன்னன் துரியோதன மகாராஜன்” என்று திரைக்குப் பின்னாலிருந்து இடிமுழக்கம் போல வரும். கோமாளி தலையைச் சொறிந்துகொண்டு, “வணங்காத முடின்னா வெளக்கெண்ணெய வச்சுச் சீவிவுட்டாப் படிஞ்சிருமுங்களே” என்பார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். சின்ன வயதில் அந்தச் சிரிப்புக்காகவே விடியவிடியக் கண்விழித்தவன் நான். துரியோதனன் அப்புறம் எவ்வளவு வீரம் பேசினாலும் நமக்கு அவன் தலைமுடிதான் கண்ணில் நிற்கும். ஒரு ராஜாவின் மிடுக்கை இறக்க அவன் பட்டப்பெயரில் ஒரு சொல்லைத் தொட்டால் போதும் என்று அந்தக் கலைஞருக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை.

கோமாளிக்கு மட்டும் மேடையில் பெயர் கிடையாது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? எல்லோரிடமும் பெயர் கேட்கிற ஆளைக் கோமாளி என்றுதான் கூப்பிடுகிறார்கள், வடக்கே கட்டியக்காரன் என்கிறார்கள். பெயரில்லாத ஆளிடம்தான் மற்றவர் பெயரைத் தொடும் உரிமையை ஊர் கொடுத்து வைத்திருக்கிறது. ஆட்டத்தின் நடுவே மொய் வரும். கொடுத்தவர் பெயரை அறிவிக்கிற வேலையும் பல இடங்களில் அவருடையதுதான். அறிவிப்போடு ஒரு கிண்டலும் சேர்ந்து வந்துவிடும்.

அவர் பகலில் யார்? கூத்தாடுகிறவர்களில் மிகப் பலர் பகலில் கூலிக்கும் தறிக்கும் போகிறவர்கள். நம் பக்கத்தில் பெரியவர் பெயரை வாய்விட்டுச் சொல்வதே மரியாதைக் குறைவு. உங்கள் பெரியப்பாவைத் தெருவில் கண்டால் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு “சாமி” என்றோ “ஏனுங்க” என்றோதான் அவர் பேச முடியும். வருசத்தில் ஒரு ராத்திரி, அரிதாரம் பூசிய முகத்தோடு, அந்தப் பெயரை அவர் சொல்லலாம், பிரிக்கலாம், பெயருக்கும் ஆளுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று ஊர் முன்னால் கேட்கலாம். இதை நிறுத்தத்தான் நீங்கள் எழுதி வாங்கப் பார்க்கிறீர்கள்.

பெயருக்கும் ஆளுக்கும் இருக்கிற இடைவெளி நம் மண்ணில் பழைய சங்கதி. நாமக்கல் மலையின் கிழக்குப் பக்கம் ரங்கநாதர் குடைவரைக்கு ஒருமுறை போய்வாருங்கள். அதியர் குலத்துக் குணசீலன் குடைந்தது, அதியேந்திர விஷ்ணுகிருகம் என்பது கல்வெட்டில் அதன் பெயர். மன்னர்கள் தங்கள் பெயரையும் பட்டத்தையும் பாறையில் வெட்டிவைத்தார்கள், அது நிற்கும் என்று நம்பினார்கள். அவர்களுக்கு முன்னால், 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ நாட்டை ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனும் அப்படித்தான் பட்டங்களை வெட்டிவைத்தான். குணபரன், விசித்திரசித்தன், சித்திரகாரப்புலி என்று வரிசையாகப் போகும். அதில் மத்தவிலாசன் என்பதும் ஒன்று. அவன்தான் வடமொழியில் ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற நகைச்சுவை நாடகத்தை எழுதினான். காஞ்சிபுரத்தில் குடித்துவிட்டுத் திரியும் ஒரு காபாலிகன் தன் கபால ஓட்டைத் தொலைத்துவிட்டு, பௌத்தத் துறவிதான் திருடினார் என்று வம்பு பண்ணுகிற கதை. ஓட்டைத் தூக்கிக்கொண்டு போனது நாய். குடிவெறியின் களியாட்டம் என்று பொருள்படும் தலைப்பு, நாடாளும் அரசனின் பட்டப்பெயராகவும் இருக்கிறது. தன் பட்டத்தைக் குடிகாரன் கதைக்குத் தலைப்பாக வைத்த அரசனை நான் மனசாரக் கும்பிடுகிறேன். அதியரின் குடைவரைக்கு நான் கொடுக்கிற மதிப்பில் இதற்கு ஒரு மாற்றுக் குறையாது.

காளமேகத்தை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பசியோடு நாகப்பட்டினத்துச் சத்திரத்தில் காத்துக் கிடந்தபோது, சத்திரக்காரரான காத்தான் பெயரைப் பாட்டிலேயே கட்டிப்போட்டார். அந்தப் பெயர் இன்னும் அவிழவில்லை. அதே பாட்டைப் புகழ்ச்சியாகவும் திருப்பிச் சொன்னார் என்பது கதை. பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’யில் எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். 1941இல் அது படமாக வந்தபோது, யார் எஜமான் யார் வேலைக்காரன் என்ற குழப்பத்தில் ஊர் சிரித்தது. பெயர் ஒன்றானதும் மேலே கீழே என்கிற ஏணி ஆட்டம் கண்டுவிட்டது.

இதுவரை சொன்னதெல்லாம் மேலே இருப்பவர்களின் பெயர்கள். எனக்கு மனசு கனக்கிற இடம் இனிமேல்தான்.

பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ 2000இல் வந்த நாவல். திருச்செங்கோட்டுச் சுற்றுவட்டார மேட்டாங்காட்டில் ஆடு மேய்க்கிற பண்ணையாள் பிள்ளைகளின் கதை. அந்தப் பிள்ளைகளின் பெயர்களைப் பாருங்கள்: கூளையன், நெடும்பன், மொண்டி, செவிடி, வவுறி. குட்டையானால் கூளையன், காது மந்தமானால் செவிடி. உடம்பில் எது கண்ணில் பட்டதோ அதுவே பெயராகி, சாகும்வரை ஒட்டிக்கொள்கிறது. பண்ணையக்காரர் மகன் பெயர் செல்வன். ஒரே காட்டில், ஒரே வயசில் ஆடு மேய்க்கிற பிள்ளைகளுக்குள் பெயரே வரப்புப் போட்டுவிடுகிறது. இந்த நாவலை அந்தப் பெயர்களுக்காகவே திரும்பத் திரும்பப் படிக்கலாம். அவர்களை அந்தப் பெயரில் கூப்பிட்டுச் சிரித்தவர்கள் யாரும் கோமாளி வேசம் கட்டவில்லை, கட்டவேண்டிய தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை.

குப்பன், குப்பாயி, பிச்சை என்ற பெயர்களைக் கேட்டுப் பள்ளிக்கூடத்தில் சிரிப்பதை நானே பார்த்திருக்கிறேன். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், இந்தப் பிள்ளையாவது நிலைக்கட்டும் என்று குப்பைமேட்டில் புரட்டி எடுத்து வைத்த பெயர் அது. எமன்கூட எடுக்கக் கூசுகிற மாதிரி ஒரு பெயர் இருக்கட்டும் என்று ஒரு தாய் செய்த காரியம். போதும்பொண்ணு என்ற பெயர் இன்னும் கொடுமையானது. அடுத்தது ஆணாகப் பிறக்க வேண்டும் என்பதற்காக ஒரு பெண் ஆயுசு முழுக்க அந்தப் பெயரைச் சுமக்கிறாள். பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு சேலத்தில்தான் தொடங்க வேண்டியிருந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது. இந்தப் பெயர்களை எடுத்துக் கோமாளி சிலேடை பண்ணினால், நீங்கள் எழுந்து நின்று நிறுத்தச் சொல்லுங்கள். நானும் உங்களோடு நிற்பேன்.

கிரேக்கத்திலும் இந்தக் கணக்குத் தப்பியிருக்கிறது. ‘மேகங்கள்’ நாடகத்தில் அரிஸ்டோபனிஸ் கேலி செய்தது சாக்ரடீஸை. அவரிடம் படையும் இல்லை, பதவியும் இல்லை. கி.மு. 423இல் போட்ட அந்த நாடகம் 24 வருசம் கழித்து அவர் வழக்கு மன்றத்தில் நின்றபோது திரும்பி வந்தது. தன்மேல் பழி சுமத்தியவர்களில் அந்த நகைச்சுவை நாடகக்காரரும் ஒருவர் என்று அவர் சொன்னதாக பிளேட்டோ எழுதியிருக்கிறார். சாக்ரடீஸுக்கு நஞ்சு கொடுத்தார்கள். அந்த ஒரு நாடகத்துக்கு மட்டும் என்னால் அரிஸ்டோபனிஸ் பக்கம் பேச முடியாது.

அதே அரிஸ்டோபனிஸ் வேறொரு பெயரை மீட்டும் கொடுத்திருக்கிறார். லாமகோஸ் என்று ஒரு தளபதி. பெயரிலேயே போர் என்ற சொல் இருப்பதால் சண்டைக்கு அலைகிறவர் என்று கி.மு. 425இல் அவரைக் கிழித்தார். லாமகோஸ் சிசிலியில் போர்க்களத்தில் செத்தார். கி.மு. 405இல் வந்த ‘தவளைகள்’ நாடகத்தில் அதே பெயரை மாவீரன் என்று சொல்லி வணங்குகிறார். பெயரைக் கெடுத்த வாயே பெயரைச் சீர்செய்வதும் கோமாளியின் வேலையில் சேர்த்திதான். உங்கள் பெரியப்பாவுக்கு இதைச் சொல்லுங்கள். அடுத்த நோம்பிக்குக் கூத்துக்காரர்களுக்குச் சோறு போட்டு, கூடக் கொஞ்சம் மொய்யும் வைக்கட்டும். அந்தத் தருமம் எப்படிப் பாட்டாகிறது என்று அவரே கேட்பார்.

எழுதி வாங்குவது பற்றி ஒரு தகவல். ஏதென்ஸிலும் அதைச் செய்து பார்த்தார்கள். கி.மு. 440 வாக்கில் நகைச்சுவை மேடைக்குத் தடைச் சட்டம் போட்டார்கள் என்றும், சில வருசத்திலேயே அதை எடுத்துவிட்டார்கள் என்றும் பழைய உரைகாரர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். பின்னால் மாசிடோனியர்கள் வந்தார்கள், மக்களாட்சி போனது. அப்போது யாரும் தடை போடாமலே பெயர் சொல்கிற வழக்கமும் தேய்ந்தது. அதற்கப்புறம் வந்த மெனாண்டரின் நாடகங்களில் கஞ்சக் கிழவர்களும் காதலர்களும் வருகிறார்கள். நன்றாகத்தான் இருக்கும். ஆட்சியில் இருக்கிறவர் பெயரைப் பிடித்து உலுக்கும் காட்சி மட்டும் இருக்காது.

உங்களிடம் நான் கேட்பது ஒன்று. கோமாளி அன்றன்றைக்கு வாயில் வந்ததைப் பாடுகிறார், எந்தச் சுவடியிலும் அது ஏறுவதில்லை. மேட்டூர்ப் பக்கம் ஏர்வாடியிலிருந்து மு. ஹரிகிருஷ்ணன் நடத்தும் ‘மணல்வீடு’ இதழ் கூத்துக் கலைஞர்களைப் பற்றித் தொடர்ந்து எழுதி வருகிறது. வட்டாரச் சொற்களைப் பெருமாள்முருகன் அகராதியாகத் தொகுத்திருக்கிறார். கோமாளிகளின் பெயர் விளையாட்டை ஊர் ஊராகப் போய்த் தொகுக்க நிறைய ஆட்கள் வேண்டும். கல்லூரியில் படிக்கிறீர்கள், கையில் போன் இருக்கிறது. கூத்து வாத்தியாரிடம் கையெழுத்து வாங்கப் போகாமல், அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள். வணங்காமுடிக்கு அவர் என்னென்ன சொல்வார், எந்த ஊரில் எந்தப் பெயரைத் தொடமாட்டார், ஏன் தொடமாட்டார் என்று கேட்டுப் பதிவு பண்ணுங்கள். அவர் பெயரையும் மறக்காமல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை எனக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்